எண்ணிக்கைக்கு அடங்காத மூச்சு

கபிலை ஆற்றங்கரையில் இடுப்பளவு தோண்டினால் வருவது களிமண். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஆறு எந்தக் காலத்திலோ கொண்டுவந்து போட்ட மணல். களிமண் சுவர்போல நிற்கும், மணல் நிற்காது. நஞ்சன்கூட்டில் குழி தோண்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். ராச்சப்பாவுக்கும் தெரியும். பக்கவாட்டில் பலகை அடித்து முட்டுக் கொடுக்காமல் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்காதே என்று மற்றவர்களை அதட்டுகிறவனே அவன்தான். அன்று அவன் பலகைக்குக் காத்திருக்கவில்லை. அதற்குக் காரணம் சன்னாஜம்மாதான் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அது முழு உண்மை இல்லை, முழுப் பொய்யும் இல்லை. நான் கண்ணால் பார்த்ததைப் பார்த்ததாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

சன்னாஜம்மாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு, குரல் மட்டும் இரண்டு ஆள் குரல். ஆற்றோரத் தெருவில் ஒரு பழைய பட்டுக்கூட்டுக் கிடங்கை வாடகைக்கு எடுத்துக் காலையில் யோக வகுப்பு நடத்தினாள். வந்தவர்களில் பாதிப் பேர் இளைப்புக்காரர்கள், மீதிப் பேர் முதுகுவலிக்காரர்கள். நான் முதல் வகை. ஆற்றின் நீர்மட்டத்தை அளவுகோலில் படித்துப் பதியும் உத்தியோகத்தில் இருந்து, ஈரக் காற்றில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். அங்கே என்னை ராயரே என்பார்கள்.

அவள் வகுப்பில் கை கால் எதுவும் தானாக அசையக் கூடாது. முதலில் மூச்சு தொடங்க வேண்டும், அதன் பிறகு கை. கை நின்ற பிறகுதான் மூச்சு நிற்க வேண்டும். உடம்பை முறுக்கிக் காட்டி மெச்சிக்கொள்ள வந்தவர்கள் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள்.

"காலைத் தூக்கித் தலைக்குப் பின்னாடி போடணும்னா சர்க்கஸுக்குப் போங்க" என்பாள். "இங்க மூச்சைப் பாக்கணும். உங்க மூச்சை ஒழுங்கா பாத்தா, பக்கத்துல உக்காந்திருக்கிறவன் எப்படி மூச்சு விடறான்னும் காதுல விழும். விழலைன்னா நீங்க செய்யறது யோகம் இல்ல, டிரில்லு."

எல்லோருடைய மூச்சும் அவள் எண்ணிக்கையில்தான் நடக்கும். கையில் ஒரு சிறு மரச்சுத்தி. நான்கு தட்டுக்கு மூச்சை இழுக்க வேண்டும், எட்டுத் தட்டுக்கு விட வேண்டும். அந்த எட்டில் அவள் யாருக்கும் சலுகை தந்ததில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளே ஒருமுறை எங்களிடம் சொன்னது. கல்யாணமாகி வந்த புதிதில், பெரிய ஜாத்திரைத் திருவிழாவில் தேர் திரும்புகிற மூலையில், கூட்டம் அவளை ஒரு சுவரோடு வைத்து நெருக்கிவிட்டது. உள்ளே இருந்த மூச்சு வெளியே போயிற்று, திரும்ப வரவில்லை. மயங்கி விழுந்தவளை ஆட்கள் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டுவந்து போட்டார்கள். அதன் பிறகு அவளால் பஸ்ஸில் ஏற முடியவில்லை, கோயிலுக்குள் போக முடியவில்லை, கதவைச் சாத்தினால் அடுப்படியில்கூட நிற்க முடியவில்லை. நெஞ்சு குருவி நெஞ்சுபோல அடித்துக்கொள்ளும், மூச்சு தொண்டையோடு நின்றுவிடும். கணவன் தையற்காரர், பொறுமைசாலி. மைசூரில் பெண்களுக்கென்று நடந்த ஒரு வகுப்புக்கு அவளை மாட்டு வண்டியிலும் சைக்கிளிலுமாகக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் இந்த நாலும் எட்டும் கிடைத்தன. நீளமாக விடக் கற்றுக்கொண்டதும் பயம் விட்டது. பிறகு பல வருடம் அதையே படித்து, கணவன் காலமான பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டாள்.

"அந்த எட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் வெளிய வந்தேன். உங்களுக்கு மட்டும் ஏன் ஆறு ஏழுன்னு தள்ளுபடி பண்ணணும்?" என்பாள்.

ராச்சப்பா குழாய் வேலைக்காரன். கழிவுநீர்க் குழிகள் தோண்டுவான், இணைப்புக் கொடுப்பான். நாற்பது வயதிருக்கும். சிமெண்டுத் தூசியில் வந்த இளைப்பு. பின்வரிசையில் உட்காருவான். அவனைப்போல அவளைச் சிரிக்கவைத்தவனும் இல்லை, கோபப்படுத்தியவனும் இல்லை. கிடங்கின் பின்புறக் கழிவுக் குழாயைத் தெருவில் போகும் பெரிய குழாயோடு இணைக்கும் வேலையை அவனிடம்தான் கொடுத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை நாங்கள் மூச்சை விட்டபடி குனிந்துகொண்டிருந்தோம். ஐந்தாவது தட்டிலேயே ராச்சப்பா நிமிர்ந்துவிட்டான்.

"ராச்சப்பா, அஞ்சுதான் ஆயிருக்கு."

"என் மூச்சு அஞ்சுலயே இறங்கிருச்சு அக்காவ்ரே. அது கடைசி ஸ்டாப் வரைக்கும் போற பஸ் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"மிச்சம் மூணுக்கும் காத்திரு."

"காத்திருந்தா கண்ணு இருட்டுது."

"பழகிக்கணும்."

"எட்டு வரைக்கும் விட்டேன்னா மாதப்பன் கோயில் மலைக்கே போய்ச் சேந்துடுவேன். அங்கேருந்து என்னை யாரு திருப்பிக் கூட்டிட்டு வர்றது? என் பொண்டாட்டி வரமாட்டா, அவளுக்கு மலை ஏறினா முழங்கால் வலிக்கும்."

மறுபடியும் சிரிப்பு. அவள் சுத்தியைக் கீழே வைத்தாள்.

"நாளையிலேருந்து நீ வகுப்புக்கு வரவேண்டாம். உன்னால மத்தவங்க எண்ணிக்கையும் கெடுது. குழியை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு பாயைச் சுருட்டினான். "சரிங்க அக்காவ்ரே. குழி எண்ணிக்கை கேக்காது" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். முகத்தில் விளையாட்டு இல்லை.

அதன் பிறகு அவன் வேலையை அவசரப்படுத்தினான். பலகைகள் வெள்ளிக்கிழமைதான் வரும் என்று கடையில் சொன்னதும், வியாழக்கிழமையே முடித்துவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறேன் என்று தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். இது அவள் சொல்லிக் கேட்டது.

அது ஆடி மாதம். மேலே வயநாட்டில் விடாத மழை. ஆறு படித்துறையில் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு ஏறினால் சற்றுப் பின்தங்கிக் கரை மணலுக்குள்ளும் நீர் ஏறும், மணலின் பிடி தளரும். வியாழக்கிழமை காலையில் வகுப்புக்கு வரும்போது குழியை எட்டிப் பார்த்தேன். ஒன்றரை ஆள் ஆழம், இரண்டு முழ அகலம். ராச்சப்பா இறங்குவதற்கு முன் மேட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அடி ஈரமா இருக்கே, ராச்சப்பா" என்றேன்.

"ஒரு இணைப்புதான் ராயரே. நீங்க குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள ஏறிடுவேன்."

உள்ளே நாங்கள் வகுப்பைத் தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். வண்டியிலிருந்து ஈர நெல்மூட்டையைத் தள்ளினாற்போல ஒரு சத்தம். அவ்வளவுதான். கத்தல் எதுவும் இல்லை. சன்னாஜம்மாதான் முதலில் எழுந்து ஓடினாள்.

கிழக்குப் பக்கம் முழுக்கச் சரிந்திருந்தது. மணல் ராச்சப்பாவின் அக்குள் வரைக்கும் மூடியிருந்தது. வலது கை வெளியே, இடது கை உள்ளே. தலை தரைமட்டத்துக்கு ஒரு கை நீளம் கீழே இருந்தது. அவனோடு வேலை செய்பவன் குழாய்ப் பசை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான்.

ராச்சப்பா மேலே பார்த்தான். "அக்காவ்ரே, குழி... என்னையே... போட்டு மூடிக்கிச்சு" என்றான். சிரிக்கப் பார்த்தான். பிறகு அவன் கண் மாறியது. மூச்சு நாய்மூச்சாக ஓடத் தொடங்கியது.

அரிசிக்கடை பசவலிங்கப்பா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். வண்டி ஆற்றுக்கு அந்தப்பக்கம் வெள்ள வேலைக்குப் போயிருக்கிறது, திருப்பி அனுப்புகிறோம், அதுவரை யாரும் விளிம்பில் நிற்காதீர்கள் என்றார்கள். "ஜேசிபியைக் கூப்பிடுவோம், எதிர்த் தெருவுலதான் நிக்குது" என்று ஒருவர் ஓடப் பார்த்தார். "அது பக்கத்துல வந்து உறுமினாலே மேக்குப் பக்கமும் சரிஞ்சிடும்" என்று நான் தடுத்தேன்.

சன்னாஜம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. அவள் அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாய்மூச்சு அவளுக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு. அவளுக்குத் தெரிந்த மருந்தையே கொடுத்தாள்.

"ராச்சப்பா! பயப்படாதே. நான் எண்ணுறேன். நாலுக்கு இழு, எட்டுக்கு விடு. ஒண்ணு... ரெண்டு..."

வகுப்பில் ஒருநாளும் எண்ணிக்கைக்கு அடங்காதவன் அன்று அடங்கினான். அவளையே பார்த்துக்கொண்டு இழுத்தான். அவள் எட்டு வரை எண்ண, எட்டு வரை விட்டான். பின்னால் நின்ற நாங்களும் பழக்கத்தில் சேர்ந்துகொண்டோம். பதினைந்து குரல். "அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு." அவனுக்குத் தைரியமாக இருக்கும் என்று உரக்கவே எண்ணினோம். அடுத்த இழுப்பு இரண்டோடு நின்றது. நாங்கள் நான்கு வரை எண்ணிவிட்டு, மறுபடி எட்டுக்குப் போனோம். அவன் பணிவாக விட்டான். அடுத்த இழுப்பு ஒன்றுகூட இல்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. உதட்டின் நிறம் போயிற்று.

அவன் சட்டையில் வெள்ளைப் பித்தான்கள். முதலில் மேலிருந்து இரண்டு பித்தான்கள் தெரிந்தன. இப்போது ஒன்றுதான் தெரிந்தது. இதைக் கண்டுபிடித்தது சன்னாஜம்மா. வாழ்நாள் முழுக்க மட்டம் பார்த்துப் பிழைத்த நான் அதைப் பார்க்கவில்லை.

"நிறுத்துங்க!" என்று அலறினாள். "வாயை மூடுங்க எல்லாரும்!"

எண்ணிக்கை அறுந்தது.

விஷயம் இதுதான். அவன் மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் மணல் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. திரும்ப விரிய இடம் இல்லை. எவ்வளவு நீளமாக விடுகிறானோ அவ்வளவு இறுக்கமாக அது அவனைப் பிடிக்கிறது. எட்டு எட்டாக எண்ணி நாங்கள் அவனை நெரித்துக்கொண்டிருந்தோம்.

"விடாதே ராச்சப்பா! முழுசா விடாதே! கொஞ்சமா இழு, அதைவிடக் கொஞ்சமா விடு!" என்று கத்தினாள். அவனுக்குப் புரியவில்லை. ஒரு நிமிடம் முன்பு விடு விடு என்றவள் இப்போது விடாதே என்கிறாள். கண் அவள் முகத்திலும் எங்கள் முகங்களிலும் ஓடியது. சொல்லைக் கேட்டுச் செய்கிற நிலையை அவன் தாண்டியிருந்தான்.

அப்போது சிக்கதாயம்மா வந்துவிட்டாள். ராச்சப்பாவின் மனைவி. சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்தவளிடம் யாரோ சொல்லி, அப்படியே ஓடி வந்திருந்தாள். விளிம்புக்குப் பாய்ந்தவளைப் பசவலிங்கப்பாவும் நானும் பிடித்துக்கொண்டோம்.

"கிட்டப் போகாதே தாயி, உன் கனத்துக்கு இன்னும் சரியும்."

"அவரு செத்தப்புறம் போகவா? விடுங்க!" பிறகு சன்னாஜம்மாவைப் பார்த்தாள். "நீதானே! நீதானே வராதேன்னு விரட்டினே! எம் புருசன் மூணு நாளா சரியாச் சோறு திங்கல. இப்ப எதுக்குடி எண்ண வந்து நிக்கறே?"

சன்னாஜம்மா சட்டென்று திரும்பினாள். உள்ளே ஓடினாள். அவள் உட்கார்ந்து பாடம் சொல்லும் நீளப் பலகையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ராயரே, பசவலிங்கப்பா, அந்தக் கோடியில ரெண்டு பேரும் உக்காருங்க. நான் இந்தக் கோடியில படுக்கறேன்."

"நான் படுக்கறேன்" என்றாள் சிக்கதாயம்மா. "எம் புருசன்."

"நீ எழுபது கிலோ. நான் நாப்பத்தி மூணு." பலகையை விளிம்புக்குத் தள்ளினாள். "என்னைத் திட்டறதை அப்புறம் திட்டு தாயி. இப்ப எனக்கு அவன் முகத்துக்கு நேரா போகணும்."

சிக்கதாயம்மா பலகையைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் வந்து பலகையின் கோடியில் தன் முழுக் கனத்தோடு உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேர் கனம். சன்னாஜம்மா மறுகோடியில் குப்புறப் படுத்து, நெஞ்சு வரை குழிக்கு மேலே நீட்டி, தலையைத் தொங்கவிட்டாள். அவள் கை அவன் கையை எட்டியது. விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

நான் இருந்த இடத்திலிருந்து அவள் முதுகும், அவன் முகத்தில் பாதியும் தெரிந்தன.

அவள் பேசவே இல்லை. எண்ணவில்லை, இழு என்றோ விடு என்றோ சொல்லவில்லை. முதலில் அவன் எப்படி மூச்சு விட்டானோ அப்படியே விட்டாள். அந்த நாய்மூச்சை, அந்தத் தடுமாற்றத்தை, அந்தத் தொண்டை அடைப்பை அப்படியே தன் உடம்பில் எடுத்துக்கொண்டாள். அவள் முதுகெலும்பு ரவிக்கைக்குள் படபடவென்று எழுந்து இறங்குவதைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பூட்டி வைத்திருந்த அறையைத் தானே திறந்து உள்ளே போய்விட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் பின்னால் சொன்னது: "தேர் மூலைச் சுவரு அப்படியே முதுகுல வந்து ஒட்டிக்கிச்சு ராயரே. எழுந்து ஓடிறணும்னு கால் துடிச்சுது. ஆனா அவன் அங்கதான இருந்தான். மேலே நின்னு கூப்பிட்டா அவன் எப்படி வருவான்? நான்தான் அங்க போகணும்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் கண் எங்கெங்கோ ஓடுவதை நிறுத்தி அவள் கண்ணில் வந்து நின்றது. இரண்டு பேர் மூச்சும் ஒன்றாயிற்று. யார் யாரைத் தொடர்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் அவள் மிக மெல்ல ஒரு வேலை செய்தாள். தன் மூச்சை நெஞ்சின் மேல்பக்கத்துக்கு ஏற்றினாள். சூடான காபியை உறிஞ்சுவதுபோல ஒரு சின்ன இழுப்பு. விடும்போது அதில் பாதிதான். நெஞ்சு நிறைந்தபடியே இருக்க, மேலே மட்டும் ஒரு சின்ன அலை. அவனும் அங்கே ஏறினான். பித்தான் அதே இடத்தில் நின்றது.

"என்ன ராயரே, என்ன ஆவுது?" என்றாள் சிக்கதாயம்மா. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"மூச்சு விடறான்."

"சத்தமே இல்லியே."

"சத்தமில்லாம விடறான். அசையாதே."

தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி இளைஞர், இரண்டு இரவு தூங்காத முகம். பார்த்த உடனே பலகைகளையும் முட்டுக் கம்புகளையும் இறக்கச் சொன்னார். இரும்புச் சட்டி, கை, இவைதான் கருவி. மண்வெட்டி கூடாது. ஆம்புலன்ஸில் வந்த பிராணவாயுக் குழாயை ஒரு கம்பில் கட்டி ராச்சப்பாவின் முகத்தருகே இறக்கினார்கள்.

"அம்மா, நீங்க எழுந்திரிங்க. நாங்க பாத்துக்கறோம்."

அவள் முதுகு அதே சின்ன அசைவில் ஏறி இறங்கியது.

"அம்மா, உங்களுக்குத்தான் சொல்றேன்."

"அவங்களால பேச முடியாதுங்க" என்றேன்.

அவர் ஆள் ஒருவன் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினான். அவள் தலை மேலே வந்த அதே கணம் கீழே ராச்சப்பாவின் மூச்சு தடுக்கி, நாய்மூச்சு திரும்பியது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டார்.

"விடு, விடு! அவங்களை அங்கயே விடு. சுத்திலும் தோண்டுங்கடா."

அவள் தொங்கியபடி இருக்க, அவளுக்கு இரண்டு பக்கமும் பலகைகள் இறங்கின. சட்டி சட்டியாக மணல் ஏறியது. அள்ளிய இடத்தில் பாதி திரும்ப வந்து நிறைந்தது. அடியில் தண்ணீர் ஊறுவதாகச் சொன்னார்கள். வெயில் ஏறியது. அவள் முகத்தில் இரத்தம் இறங்கிக் கறுத்திருந்தது. யாரோ அவள் கழுத்தில் ஈரத்துணி போட்டார்கள். பலகையில் உட்கார்ந்திருந்த எங்கள் மூன்று பேருக்கும் கால் மரத்துப்போயிற்று, யாரும் எழவில்லை. சிக்கதாயம்மா மட்டும் நடுநடுவே "நஞ்சுண்டா, விஷத்தை முழுங்கினவனே, இந்த மண்ணை முழுங்கிக்கடா" என்று சாமியை ஒருமையில் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் வயிறு தெரிகிற வரை தோண்டியபோது இன்னொன்று நடந்தது. நெஞ்சின் மேலிருந்த பாரம் விட்டதும் ராச்சப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "அப்பாடா" என்றான். அன்று அவன் வெகு நேரத்துக்குப் பிறகு பேசிய முதல் சொல். உடம்பைக் கொஞ்சம் அசைத்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். முட்டுக் கொடுக்காத மேற்குப் பக்கத்திலிருந்து களிமண்ணும் மணலுமாக ஒரு பாளம் கழன்று விழுந்தது.

முகம் இல்லை. அவள் பிடித்திருந்த கை மட்டும் மணலுக்கு வெளியே இருந்தது.

பலகைக்கு அடியில் விளிம்பும் சேர்ந்து சரிந்ததில் நாங்கள் உட்கார்ந்திருந்த கோடி மேலே எழும்பியது. அவள் இடுப்பு வரை குழிக்குள் போய்விட்டாள். "காலைப் பிடிங்க!" என்று அதிகாரி கத்தினார். சிக்கதாயம்மா முன்னால் பாய்ந்து அவள் கணுக்கால் இரண்டையும் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். சன்னாஜம்மா தலைகீழாகத் தொங்கி இரண்டு கையாலும் வாரினாள், நாய் பள்ளம் பறிப்பதுபோல. நெற்றி தெரிந்தது. மூக்கு. வாய்க்குள் விரலை விட்டு மணலைத் தோண்டி எறிந்தாள். அவன் மூச்சு விடவில்லை. அவள் அவன் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுபோய் அந்தச் சின்ன இழுப்பை இழுத்தாள். ஒருமுறை. மறுமுறை. அவன் வரவில்லை. மூன்றாவது முறை அவன் இருமினான். எச்சிலும் மணலும் அவள் கண்ணில் தெறித்தன. அதன் பிறகு அவன் மூச்சு அவள் மூச்சோடு வந்து சேர்ந்தது.

மேற்குப் பக்கத்துக்கும் பலகை இறங்கியது. அவனை மேலே தூக்கியபோது மதியச் சங்கு ஊதி அடங்கியிருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. தார்ப்பாயில் கிடத்தினார்கள். சன்னாஜம்மாவையும் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவள் விரல்களை அவன் விடவில்லை.

ஆம்புலன்ஸ்காரர், "கூட ஒருத்தர்தான் ஏறலாம். பொண்டாட்டி யாரு?" என்றார்.

"நான்தான்" என்றாள் சிக்கதாயம்மா. அவள் சேலை முழுக்கச் சேறு. கணவனைப் பார்த்தாள். அவன் கண் இன்னும் சன்னாஜம்மாவின் முகத்தில் இருந்தது. "அவங்களை ஏத்துங்க. நான் பஸ்ஸுல வரேன். அவங்க இறங்கினா இவரு மூச்சு விடறதை மறந்துடுவாரு."

இதற்குப் பிறகு நடந்தவை சிக்கதாயம்மா பார்த்தும், அங்கே இருந்தவர்களிடம் கேட்டும் சொன்னவை.

மைசூர் ஆஸ்பத்திரியில் வண்டியின் கதவைத் திறந்த நர்ஸம்மாவுக்குக் குழப்பம். இரண்டு உருவம், இரண்டும் தலைமுதல் கால்வரை மண். இரண்டும் நெஞ்சின் மேல்பக்கத்தில் ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தன. "இதுல யாருக்கு அடிபட்டிருக்கு?" என்று கேட்டாராம். ராச்சப்பா படுத்தபடியே, "எனக்குக் காலு. அவங்களுக்கு நெஞ்சு" என்றானாம்.

அவன் சொன்னது சரிதான். காலுக்குக் கட்டுப் போட்டு, மண் அழுத்தியதில் சிறுநீரில் கோளாறு வருகிறதா என்று பார்க்க அவனைப் படுக்கவைத்தார்கள். பிராணவாயு கொடுத்த சற்று நேரத்தில் அவன் மூச்சு சீராயிற்று. சன்னாஜம்மாவின் மூச்சு திரும்பவில்லை. குழி போயிற்று, மணல் போயிற்று, அவள் மட்டும் அந்தச் சின்ன இழுப்பிலேயே நின்றுவிட்டாள். விடு விடு என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு விடப் பயம். விட்டால் ஏதோ வந்து நிறைந்துகொள்ளும் என்று உடம்பு நம்பிவிட்டது. கண்ணில் நீர் வழிய, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து விரலிலும் நகக்கண் கறுத்திருந்தது. ஊசி போடலாமா என்று டாக்டர் யோசித்தார்.

பஸ்ஸில் வந்து சேர்ந்த சிக்கதாயம்மாதான் அவள் கட்டிலை இழுத்துக் கணவன் கட்டிலோடு சேர்த்துப் போட்டாள். நர்ஸம்மா சத்தம் போட்டார். "அஞ்சு நிமிசம் சும்மா இருங்கம்மா, அப்புறம் நானே தள்ளி வைக்கறேன்" என்றாளாம்.

ராச்சப்பா தலையை மட்டும் திருப்பினான்.

"அக்காவ்ரே. இங்க பாருங்க. சுவத்துல என்ன இருக்கு? என்னைப் பாருங்க."

அவள் திரும்பினாள்.

"எண்ண மாட்டேன். எனக்கு எட்டு வரைக்கும் வராதுன்னு உங்களுக்கே தெரியும். சும்மா என்கூட வாங்க."

முதலில் அவன் அவளைப்போலவே இழுத்தான், அந்தச் சின்ன இழுப்பை. விலாவில் அடி, வலித்திருக்கும். அவள் கண் அவன் கண்ணில் வந்து நின்றதும், கொஞ்சம் கூட விட்டான். அவள் வரவில்லை. திரும்பவும் அவள் இடத்துக்கே போய் நின்றான். மறுபடி கொஞ்சம் விட்டான். டாக்டர் கதவருகில் நின்றுவிட்டார். இப்படி நாலைந்து முறை. பிறகு அவள் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். அப்புறம் அவளிடமிருந்து ஒரு மூச்சு வந்தது, நீளமாக, அழுகையோடு கலந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல். மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்றானாம் ராச்சப்பா. "இது எத்தனை ஆச்சுன்னு கேக்காதீங்க."

சன்னாஜம்மா அழுதுகொண்டே சிரித்ததாகவும், "வலிக்குதாடா?" என்று கேட்டதாகவும், அவன் "சிரிச்சா வலிக்குது, நீங்க சிரிக்க வைக்காதீங்க" என்றதாகவும் சொன்னாள். பிறகு இரண்டு பேருமே தூங்கிவிட்டார்கள். சொன்ன வாக்குப்படி கட்டிலைத் தள்ளி வைக்கச் சிக்கதாயம்மா எழுந்தாளாம். நர்ஸம்மா தலையை அசைத்து, இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.